மூன்று யென் பை

எட்டாம் எண் சாலையில்
கடலுக்கும் மலைக்கும் நடுவே
லாரிகள் ஒதுங்க இடம் விட்ட கடை.
விளக்கணைப்பதே இல்லை.
நெஞ்சுப் பட்டையில் அவள் பெயர்: தா, மா, ன்.
நேபாளத்திலிருந்து கொண்டுவந்த 'தாமாங்'கில்
மிஞ்சியது அவ்வளவுதான்.

"பை வேண்டுமா?"
"ஈ தேஸ்" என்றார் மீன் லாரி நிஷிவாகி.
ஈ என்றால் நல்லது. முதல் பாடத்திலேயே வரும் சொல்.
நல்லது என்கிறாரே என்று
பையை உதறி, காப்பி டப்பாவையும் சோற்றுருண்டையையும்
உள்ளே வைத்து நீட்டினாள்.
அவர் பையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.
வாங்கிக்கொண்டார்.

மூன்று இரவு இதே கதை.
நான்காம் இரவு, கூட வேலை பார்க்கும் மொகாமி
பெட்டி அடுக்கியபடியே சொன்னான்:
வாயைப் பார்க்காதே, கையைப் பார்.
முகத்துக்கு முன்னால் விசிறினால்
அந்த நல்லது, வேண்டாம்.

தமிழில் ஈ என்றால் கொடு.
அங்கே, கொடுக்காதே.
நாம் மட்டும் என்னவாம்,
இன்னொரு கரண்டி என்றால் "இருக்கட்டும்" என்கிறோம்.
எது, எங்கே இருக்கட்டும்?

ஒரு பை மூன்று யென்.
ஒன்பது யென்னை எண்ணித் தட்டில் வைத்தாள்.
"ஈ, ஈ" என்று போய்விட்டார்.
இந்த ஈக்கு விரல்கூட அசையவில்லை.

வகுப்பில் இறந்தகாலம் வந்தது.
சமுய், குளிர்கிறது. சமுக்கத்தா, குளிர்ந்தது.
அந்த வாய்பாட்டில் ஈயை இக்கத்தா என்று எழுதினாள்.
சிவப்பு மை.
இது மட்டும் நேற்றைக்குப் போகையில்
முகம் மாற்றிக்கொள்ளுமாம்: யொக்கத்தா.
ஏன் என்று மொகாமியைக் கேட்டாள்.
"தெரியாதே. அப்படித்தான் சொல்வோம்."

பிப்ரவரியில் சாலை மூடியது.
இரண்டு இரவு, ரொட்டி அலமாரியில்
விலைச்சீட்டுகள் மட்டும்.
எங்கோ பனிக்குள் லாரிகள் வரிசை
என்றது வானொலி.

மூன்றாம் இரவு கதவுமணி.
புருவமெல்லாம் வெள்ளையாக நிஷிவாகி,
நேரே கழிப்பறைக்கு ஓடினார்.
திரும்பி வந்தபோது
விகுதி தேடாமல், வாய்பாடு ஓட்டாமல்
அவள் வாயிலிருந்து விழுந்தது:
யொக்கத்தா.
அதே நொடி அவரும் சொன்னார், யொக்கத்தா,
கண்ணாடிப் பெட்டியில் மிஞ்சியிருந்த
ஒற்றைப் பன்றிக்கறி பன்னைப் பார்த்து.

நல்லது எதுவும் நடக்கவில்லை.
நடக்கவிருந்தது நடக்கவில்லை,
நல்லவேளை.

"பை வேண்டுமா?"
"ஈ தேஸ்."
கைகள் இரண்டும் அக்குளில் இருந்தன.
விசிறவில்லை.
ஒரு கணம் நின்றாள்.
பையை உதறினாள்.