இரண்டாம் பாகம், மூன்றாம் டேக்

முதல் பாகத்தில் கிணற்றில் போட்டு மூடிய கொலைகாரன்
எப்படி எழும்பி வந்தான் என்று
கடைசிவரை எழுதவேயில்லை.
"பேய்க்கும் காரணம் கேப்பாங்களா?" என்றான் டிலக்சன்.
கதை அவனுடையது, கடன்பட்டு வாங்கிய கேமராவும்.

செங்கலடியில் மூடிக்கிடந்த அரிசி ஆலை.
ரத்தத்துக்கு பீட்ரூட், சோளமா, ஒரு போத்தல் சிவப்புச் சர்பத்.
கொலைகாரன் ஜெனோசனின் கழுத்தெல்லாம் எறும்பு,
முகமூடிக்குள் கைவிட்டுச் சொறிகிறான்.

சுகிர்தா ஓடிவந்து கத்தவேண்டும்.
முதல் டேக்கில் சிரித்துவிட்டாள்.
அடுத்ததில் நாய்.
மூன்றாவது
அடிவயிற்றிலிருந்து வந்தது.

பின்னால் தெரியட்டும் என்று விட்டிருந்த
வீடுகளின் வெளிச்சம்
ஒவ்வொன்றாய் அணைந்தது.
ஒரு கதவும் திறக்கவில்லை.

"கன்டினியூட்டி போச்சு அண்ணே" என்றான் லைட் பொடியன்.
பத்தொன்பது வயது அவனுக்கு.
டிலக்சன் கட் சொல்லவில்லை.
கேமரா ஓடிக்கொண்டே கிடந்தது
இருட்டைப் பார்த்தபடி.