மசாலாத் தராசு

செப்டம்பர் வந்தால் ஃப்ரூட்டிகனில்
கறிக்கடையின் பின்வாசல் முன்வாசலாகிவிடும்.
கெம்ஸ் மலையாட்டை முதுகில் சுமந்து
கோட்டில் ஈரம் சொட்ட வருகிறவர்கள்
தூரத்தைச் சொல்வார்கள், காற்றைச் சொல்வார்கள்.
என்ன ரவை என்று ஒருவரும் சொல்வதில்லை.
தேவையில்லை. தோலை உரித்தால் தெரிந்துவிடும்.

துவக்கை நான் தொட்டதில்லை.
பதினாறு வருடமாய் அதன் மறுமுனையில் நிற்கிறேன்,
எலும்பு பிரிக்கும் கத்தியோடு.

வேஃப்லர் ஈயக்காரர்.
பதினொன்று புள்ளி ஏழு கிராம், மூக்கு மென்மை.
அடித்த இடத்திலேயே விழும், பொய்யில்லை.
ஆனால் விலாவைத் திறந்தால்
நாவற்பழம் மிதிபட்ட தரை.
"பாரமாய் அடித்தால் பாரமாய் விழும்" என்பார்.
நான் வெட்டி எறிந்த ஒன்றரைக் கிலோ
வாளியின் பாரத்தை அவர் தூக்கியதில்லை.

இந்த முறை அவருடைய செம்மானில்
மறுபக்கத் தோலுக்கடியில் ஏதோ தட்டுப்பட்டது.
கழுவி, மிளகு நிறுக்கிற
சின்னத் தராசில் வைத்தேன்.
ஆறு புள்ளி இரண்டு.
மிச்சம் ஐந்தரை கிராம் எங்கே?
அன்று முழுக்க அரைக்கும் இயந்திரத்தையே
பார்த்துக்கொண்டிருந்தேன்.
சன்னம் எவ்வளவு பொடியாய்ப் போகும் என்பதை
இந்த ஊருக்கு வந்து படித்தவன் அல்ல நான்.

அந்தக் கிழமைதான் ரெகுலா சுர்புருக்
இரண்டு பெட்டிகளை மேசையில் வைத்து
"நீ சொல்லு" என்றா.
கடைக்காரன் மாதிரிப் பேச எனக்கு வரவில்லை.

செம்பை எடுங்கோ.
ஆனால் அதே எடையில் வேண்டாம்.
ஈயத்தைவிடச் செம்பு லேசு, அதே எடைக்கு நீளம் கூடும்,
நீண்டதை உங்கள் குழல் சரியாய்ச் சுழற்றாமல் விடலாம்.
ஒன்பது ஏழு போதும். வேகமாய்ப் போகட்டும்,
வேகம் குறைந்தால் அது மலராது.
போன வருடம் ஒன்று வந்தது, முந்நூறு மீட்டராம்:
இந்தப் பக்கம் பென்சில் குத்திய துளை,
அந்தப் பக்கமும் அதே துளை.
மறுநாள் மதியம் நாய்தான் கண்டுபிடித்தது,
ஓடைக்குள், வயிறு ஊதி.
அதை நாங்கள் விற்கவில்லை.

"அப்ப இதுக்கும் குறை இருக்கு."
இருக்கு. கிட்டப் போக வேணும்.
"என் முழங்காலுக்கு அறுபத்துமூன்று வயது."
முழங்காலைப் பார்த்து ரவை வாங்காதேங்கோ என்றேன்.
சிரிக்கவில்லை. பெட்டிகளை எடுத்துக்கொண்டு போனா.

சனிக்கிழமைகளில் சுடுதளத்தில்
மூன்று பெட்டி காகிதத்துக்கே செலவாகியதாம்,
புது ரவை பழைய குறிக்குக் கீழ்ப்படியவில்லை.

பதினெட்டாம் திகதி ஒரு மலட்டு ஆட்டோடு வந்தா.
உள்ளே போன இடம் சட்டைப் பொத்தான்,
வெளியே வந்த இடம் இரண்டு பிராங்க் காசு.
எறிந்தது நூற்றுநாற்பது கிராம்.
தூரத்தை அவ சொல்லவில்லை.
இரண்டு முழங்காலிலும்
களிசான் கிழிந்து, மண் காய்ந்திருந்தது.

வேஃப்லரின் சலாமி கொக்கியில் காய்கிறது.
அவர் எடுக்க வரும்போது கொடுக்க
ஒரு காகிதப் பொட்டலம் கட்டி வைத்திருக்கிறேன்.
விலைச்சீட்டில், என் கோணல் எழுத்தில்:
ஆறு இரண்டு இங்கே.
மிச்சம் உள்ளே.