ஐஸ் கழித்த எடை

துறைமுகத் தராசு என் பொறுப்பு.
படகு வரும், தொட்டிகள் ஏறும்,
ஐஸைக் கழித்துவிட்டு
மீனை மட்டும் எழுதுவேன்.
பதினேழு வருடமாக
தண்ணீரை மீன் என்று எழுதியதில்லை.

ஸ்டெய்ன்வோர் போன தேர்தலுக்கு முன் இங்கே வந்தாள்.
வலைக்கூடத்தில் நின்று
எங்கள் மோசமான காப்பியை முகம் சுளிக்காமல் குடித்து
"சின்னப் படகுகளுக்கு ஐம்பது நாள்,
ஒரு நாள் குறைய விடமாட்டேன்" என்றாள்.
வாக்குக் கொடுத்தாள், வாக்கு வாங்கினாள்.
அவள் ஜெயித்தாள், கட்சி தோற்றது.
ரெய்க்யாவிக்கில் எதிர்வரிசையில் போய் உட்கார்ந்தாள்.
அன்று மாலை ஒரு நோட்டு வாங்கினேன்.
நான்கு பத்தி கோடு போட்டேன்.
ஆம். இல்லை. ஒதுங்கினாள். வரவில்லை.

புயல் அடித்தால் படகு போகாது.
மன்றம் போகும், இரவு மூன்று மணிக்கும்.
தராசு அறைத் தொலைக்காட்சியில்
காலி நாற்காலிகளை எனக்கு மனப்பாடம்.
ஒருநாள் மீன்வரி பற்றி நாற்பது நிமிடம் பேசினாள்,
கேட்டது சபாநாயகரும் ஒரு தண்ணீர்க் குவளையும்.
நல்ல பேச்சு. கண் கலங்கினேன்.
எழுதவில்லை.
பேச்சு ஐஸ்.
பிறகு மணி அடித்தது, பொத்தானை அழுத்தினாள்,
இல்லை.
அதை எழுதினேன்.

இருபத்தெட்டுக்கு முப்பத்தைந்து.
எப்போதும் அதே எண்கள்.
குளிர்பதன ஆலை போகுமில் சிரித்தான்:
"தோற்கப் போகிற ஓட்டை எண்ணுகிறாயே,
செத்த மீனுக்கு நாடி பார்ப்பது மாதிரி."
"நான் நிறுப்பது எல்லாமே
செத்த மீன்தான், போகுமில்."

எங்கள் மொழியில்
ஓட்டுக்கும் அசைக்கும் ஒரே சொல்.
யாவ் என்றால் ஆம், நேய் என்றால் இல்லை,
இரண்டும் ஓரசை.
வாயைத் திறந்து மூடுவதற்குள் முடிந்துவிடும்.

மூன்று வருடத்தில் நானூற்றுப் பன்னிரண்டு.
இல்லை, இருநூற்றைம்பத்தொன்று.
ஆம், தொண்ணூற்றாறு,
பெரும்பாலும் யாரும் சண்டை போடாத சங்கதிகள்,
குதிரை ஏற்றுமதிச் சான்றிதழ் போல.
ஒன்று அவர்களுடைய சம்பள உயர்வு.
அன்று பலகை முழுக்க ஒரே பச்சை,
எதிரியாவது பங்காளியாவது.
அடிக்கோடிட்டேன், இரண்டு முறை.

வழுக்கும் படகுத்துறைக்கு
அவள் ஒரு திருத்தம் கொண்டுவந்தாள். தோற்றது.
அடுத்த வசந்தத்தில் அமைச்சரின் சுற்றறிக்கையாக
அதே வாக்கியம் திரும்பி வந்தது,
காற்புள்ளிகூட மாறாமல், அமைச்சர் கையெழுத்தோடு.
இப்போது துறையில் கைப்பிடி இருக்கிறது.
என் நோட்டில் அதற்குப் பத்தி இல்லை.

ஒதுங்கியது முப்பத்தெட்டு.
வராதது இருபத்தேழு.
பத்தொன்பது, பிரசவ விடுப்பு.
ஆறு, பனியில் விமானம் ஏறவில்லை,
அதே விமானத்துக்கு நானும் காத்திருந்திருக்கிறேன்.
ஒன்று, தம்பியின் சாவு.
மிச்சம் ஒன்று.

ஜூன் மாதம், வெளிச்சம் அணையாத இரவு.
ஐம்பது நாள் மசோதா.
அதற்கு முந்தைய ஓட்டில் இருக்கிறாள்.
பிந்தையதிலும் இருக்கிறாள்.
நடுவில் மட்டும் இல்லை.
இருபத்தேழுக்கு முப்பத்தைந்து.
அவள் இருந்திருந்தாலும் தோற்றிருக்கும்,
போகுமில் அதைத்தான் சொல்வான்.
நான் யாரிடமும் சொல்லவில்லை.
கடிதம் எழுதினேன்.

பதில் வந்தது, கைப்பட:
"கட்டடத்தில்தான் இருந்தேன்.
மணி கேட்டது. போகவில்லை."
காரணம் இல்லை. மன்னிப்பு இல்லை.
பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன், வெறுமை.

காகிதத்தைத் தராசுத் தட்டில் வைத்தேன்.
டன் கணக்கில் நிறுக்கிற தராசு.
பூஜ்யம் காட்டியது.
எடுத்தேன்.
பூஜ்யம்தான்.

பொய் சொல்லியிருக்கலாம், எத்தனை விமானங்கள் இருக்கின்றன!
சொல்லவில்லை என்பதை மீனில் எழுதுவதா,
ஐஸில் கழிப்பதா?

செப்டம்பரில் தேர்தல்.
வருவாள், காப்பி குடிப்பாள்.
நோட்டு மேசை மேலேயே இருக்கும்,
திறப்பேனா தெரியாது.
வெளியே ஸ்வாலா ஹாரன் அடிக்கிறது.
மூன்று தொட்டி.
தூரத்திலிருந்தே தெரிகிறது,
இன்று ஐஸ் அதிகம்.