மதிப்பீட்டுக் காலம்

பழவந்தாங்கலில்
ஒரு விமானத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே
நாலு நிமிடம் கிடைக்கும்.
ஒரு சரணத்தை முடித்துவிடலாம்,
கீழ்வீட்டுக் குக்கர் ஒத்துழைத்தால்.

பீரோவைத் திறந்து
தொங்கும் சுடிதார்களுக்கு நடுவில் மைக்கை நிறுத்தினேன்.
எதிரொலிக்கு இதைவிட மலிவான வைத்தியம் இல்லை.
டெல்பினா துணிக்குள் முகத்தை விட்டுப் பாடினாள்.
"அந்துருண்டை நாத்தத்துல
மேல் ஸ்தாயி ஏற மாட்டேங்குதுடி."

முதலில் ஆடாசிட்டி.
காசு கேட்காது.
தாலுகா ஆபீஸ் படிவம் மாதிரி ஒரு முகம்.
சொன்னதைச் செய்யும், சொல்லாததைச் செய்யாது.
அவள் குரல் அதில்
நீல மீன்முள்ளாய்ப் படுத்திருந்தது.
தாளம் கோக்க இது தோதுப்படாது என்று
நான்தான் மூடினேன். அதன்மேல் குற்றமில்லை.

அடுத்து எஃப்எல் ஸ்டுடியோ.
கட்டத்தைத் தொட்டால் டிரம் விழுகிறது.
ஒரே ராத்திரியில்
தவிலுக்கும் பறைக்கும் இடையில்
பெயரில்லாத ஒரு வாத்தியத்தைச் செய்துவிட்டேன்.
விடிகாலை தண்ணி லாரி வந்தபோது சேமித்தேன்.
மறுநாள் திறந்தால், திறக்கவில்லை.
சோதனைப் பதிப்பில் உள்ளே வைக்கலாம்,
வாங்கினால்தான் வெளியே எடுக்கலாம்.
அடகுக்கடைக்காரர் தேவலை,
சீட்டாவது எழுதித் தருவார்.

பிறகு ரீப்பர்.
அறுபது நாள் பழகிப் பார் என்றது.
அறுபத்தோராம் நாளும் வெளியே தள்ளவில்லை.
ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு சின்னப் பெட்டி:
இத்தனை நாளாக மதிப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.
சில விநாடி நிற்க வைத்துவிட்டு உள்ளே விடும்.
கைமாத்து கொடுத்த சித்தப்பா அப்படித்தான்.
பணத்தைக் கேட்க மாட்டார்,
தேதியை மட்டும் சொல்லுவார்.

பஃபரைக் குறைத்தால் பொரிகிறது.
கூட்டினால்
பாடிய சொல் ஹெட்போனுக்குத் தாமதமாய் வந்து சேர்கிறது.
"என் பின்னாடி நின்னு
யாரோ என்னையே மிமிக்ரி பண்றாங்க" என்று
ஹெட்போனைக் கழற்றி வைத்தாள்.

நான் எக்செல் தாள் திறந்தேன்.
பதினோரு மென்பொருள், பதினோரு வரிசை.
விலை, ப்ளக்-இன், எடுத்துக்கொள்ளும் ராம்,
பழைய லேப்டாப்பின் விசிறி கத்தும் அளவு
(ஐந்துக்கு எத்தனை என்று).
ஞாயிறு ஆராதனை முடிந்து
கையில் பிரியாணிப் பொட்டலத்தோடு வருவாள்.
"எது நல்லது?"
"இன்னும் ரெண்டு பார்க்கணும்."
மூன்றாவது ஞாயிறும் அதையே சொன்னேன்.
எட்டாவது ஞாயிறு அவள் கேட்கவில்லை.
பிறகு கிண்டி லேபில் அவளுக்கு ஷிப்ட் மாறியது.

ஐப்பசி மழையில் கரண்ட் போன ஒரு செவ்வாய்க்கிழமை
வாட்ஸப்பில் வந்தது.
ஆதம்பாக்கத்தில் அவள் வீட்டு மாடிப்படி,
போனில் பிடித்த குரல்,
ஒரு நிமிடம் நாற்பத்தேழு விநாடி.

கரண்ட் வந்ததும் ரீப்பருக்குள் இழுத்துப் போட்டேன்.
இரண்டாவது வரியில் விமானம் வருகிறது.
அவள் நிறுத்தவில்லை.
ஓர் ஆகாரத்தைப் பிடித்துக்கொண்டு
அது தலைக்கு மேல் போகும்வரை நிற்கிறாள்,
லெவல் கிராசிங்கில் சைக்கிளோடு நிற்பவள் மாதிரி.
போனதும் மீதியைப் பாடுகிறாள்.

இரைச்சல் நீக்கியைப் போட்டேன்.
விமானம் முக்கால்வாசி போனது.
கூடவே மூச்சும் போனது,
சகரமெல்லாம் தண்ணீருக்கடியில் பேசியது.
கன்ட்ரோல் இசட்.
திரும்பவும் விமானம்.

எக்செல்லில் பன்னிரண்டாவது வரிசை சேர்த்தேன்: மாடிப்படி.
விலை, இல்லை. ராம், இல்லை.
விசிறிக் கட்டத்தில் என்ன போடுவதென்று தெரியவில்லை.

அதற்குள் அடுத்த செய்தி:
"ஃப்ளைட்ட எடுத்துடாதடி,
அதோட சுருதிக்குத்தான் பாடினேன்."

ட்யூனரில் வைத்துப் பார்த்தேன்.
பொய்.
ஏறத்தாழ அரை ஸ்வரம் இறங்கியிருக்கிறது,
விமானம்.

அவளிடம் சொல்லவில்லை.
மூடிவிட்டு, காலையில் மறுபடி திறந்தேன்.
நானூற்றுப் பன்னிரண்டு நாள் என்றது பெட்டி.
நின்றேன்.