நாற்பத்து மூன்றாம் நிமிடம்

ஓதம் என்று பெயர் அந்தப் படத்துக்கு.
எழுபத்தொன்றில் வந்தது. வந்தது என்பதே அதிகம்:
வேறொரு படத்துக்கு முன்னால் ஒட்டவைத்து
ஒன்பது நாள் ஓட்டினார்கள்.
ஒன்றுமே நடக்கவில்லை என்று
ஒரு பத்திரிகை மூன்று வரி எழுதியது.
மற்றவை அதுகூட எழுதவில்லை.

நான் ஹல் நகரத்தில் கண்ணாடி பொருத்துகிறவன்.
எனக்குச் சினிமா தெரியாது. சன்னல் தெரியும்.
அந்தப் படத்தில் ஒரு சன்னல் இருக்கிறது.

களிமண் செங்குத்துக் கரை, விளிம்பில் ஒரு வீடு.
கடல் எவ்வளவு தின்றது என்று
நாடா பிடித்து அளக்க வந்தவன் ஆம்ப்ரோஸ் பெல்.
இன்று அறுபத்தோரடி.
புயலே அடிக்காமல் நாளை ஐம்பத்தொன்பது.
குறித்துக்கொள்கிறான். தேநீர் போடுகிறான்.
இரண்டு கோப்பை எடுத்து வைத்துவிட்டு
ஏன் வைத்தோம் என்று பார்க்கிறான்.
கடலில் ஏறுவதும் ஓதம், சுவரில் ஏறுவதும் ஓதம்;
படம் அலையைக் காட்டவே இல்லை.
பூப்போட்ட சுவர்த்தாளில் ஒரு கறை
காட்சிக்குக் காட்சி ஒரு விரற்கடை ஏறுகிறது,
அவ்வளவுதான்.
இசை கிடையாது. ரத்தம் கிடையாது.
கதவு தானாகச் சாத்திக்கொள்வதும் கிடையாது.

நாற்பத்து மூன்றாம் நிமிடத்தில்
வெளியிலிருந்து ஒரு கை கண்ணாடியில் படிகிறது.
பழைய கண்ணாடி அது, ஊதித் தட்டையாக்கிய காலத்தது,
தண்ணீர்போல நெளியும்.
ஓரத்தில் புட்டி காய்ந்து வெடித்திருக்கிறது.
அந்த நெளிவில் விரல்கள்
ஒரு கணம் ஆறு, ஒரு கணம் நான்கு.
கேமரா தந்திரம் என்று சொல்லாதீர்கள்,
அப்படிப்பட்ட கண்ணாடியை நான் கழற்றியிருக்கிறேன்,
அது அப்படித்தான் செய்யும்.

மற்ற படங்களில் இந்த இடத்தில் அலறுவார்கள்.
ஆம்ப்ரோஸ் பெல் எழுந்து போய்க்
கொக்கியை நீக்குகிறான்.

இந்த ஒன்றுக்காகத்தான்
இருபது வருடமாகப் பார்க்கிறவனிடமெல்லாம்
சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.
பேயை உள்ளே விடுகிறவன் மடையன் என்றாள் என் மனைவி க்ளெனிஸ்.
அதே வாரம் பனி கொட்டிய ஒரு ராத்திரி
யாருடையது என்றே தெரியாத பூனைக்குப்
பின்கதவைத் திறந்தாள்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

போன நவம்பரில் விதர்ன்ஸீ நூலக மாடியில்
அதைத் திரையிட்டார்கள். முப்பது மடக்கு நாற்காலி.
ஒன்பது பேர், அதில் ஒருவர் ஹீட்டருக்காக வந்தவர்.
நிறமெல்லாம் உதிர்ந்து படமே
செங்கல் தூளாக இருந்தது.
எனக்கு முன்வரிசையில் பச்சைக் கோட்டுப் பெண்மணி ஒருவர்
கறை ஜன்னல் உயரத்துக்கு ஏறியதும்
வலது கையைப்
பைக்குள் ஒளித்துக்கொண்டார்.

நான் கேட்கவில்லை.
நாற்காலி மடிக்கும்போது அவராகச் சொன்னார்.
பெயர் தெல்மா ஸ்டாதர்ஸ்.
அப்போது பத்தொன்பது வயது,
நண்டு வேகவைக்கும் கொட்டகையில் வேலை.
நடிகைக்குக் காய்ச்சல், கை மட்டும் போதும் என்றார்களாம்.
நான்கு பவுண்டு, ஒரு தட்டு பொரித்த மீன்.
பிப்ரவரி, ராத்திரி இரண்டு மணி, பதினேழு தடவை.

"பேய் மாதிரி வை, பேய் மாதிரி வை என்றார்கள்.
பேய் எப்படி வைக்குமென்று எனக்கென்ன தெரியும்?
குளிருது, திற
என்று வைத்தேன்."

அவன் திறப்பது எழுதியிருந்ததா என்றேன்.

நாற்காலியைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சொன்னார்:
"பதினாறு தடவை திறக்கவில்லை."

வீடு எண்பத்தாறில் கடலுக்குள் போய்விட்டது.
சன்னலும்தான். அந்தக் கண்ணாடி
இப்போது நண்டுகளுக்கு எதை நெளித்துக் காட்டுகிறதோ.

என் வேனில் கொண்டுபோய் விட்டேன் அவரை.
அவர் வீட்டு முன்சன்னலில் புட்டி விட்டிருந்தது,
கட்டைவிரலால் அழுத்தினால் ஆடியது.
சனிக்கிழமை வந்து போட்டுத் தருகிறேன் என்றேன்.
காசு வேண்டாம் என்றதும் முறைத்தார்.
சரி, நான்கு பவுண்டு, என்றேன்.
மீன் கிடையாது, என்றார்.