வல்லினம் மிச்சம்

என் பெயரில் ஒரு வல்லினம்கூட இல்லை.
மோரீன்.
மூடிய உதட்டில் தொடங்கி
மூக்கில் முடிந்துபோகும்.
நாற்பத்தொரு வருஷம் கிளிஃப்
வாசலில் நின்று அதைக் கூப்பிட்டால்
ஹம்பர் ஆற்றுப் பனியில்
ஒரு கப்பல் வழி கேட்பது போலிருக்கும்.

பிப்ரவரியில் குரல்வளையை எடுத்துவிட்டார்கள்.
கழுத்தில் ஒரு துளை.
மூச்சு அங்கேயே வந்து அங்கேயே போகிறது,
வாய்ப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

செவ்வாய்தோறும் இரண்டரை மணிக்குப் பேச்சுப் பயிற்சி.
சுவரில், பக்கவாட்டில் அறுத்த ஒரு வாயின் படம்.
மிஸ் ஆக்ஸ்டபி சின்னப் பெண், குளிர்ந்த கைகள்.
"ஹகரம் மட்டும் திரும்பி வருவது கஷ்டம்,
மன்னியுங்கள்" என்றாள்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
ஊர்ப் பெயரே ஹல்.
இங்கே பிறந்த நாங்கள் அதை 'உல்' என்றுதான் சொல்கிறோம்.
ஹாடக் மீனை 'ஆடக்' என்றே
முப்பது வருஷம் ஏலம் விட்டவர் இவர்.
வாங்காத கடனுக்கு வட்டி ஏது?

மீன் சந்தையில் அவர் ஏலம் கேட்டிருக்க வேண்டும் நீங்கள்.
விலை ஏறும்போது ப, ட, க மட்டும் ஓடும்,
தகரப் பெட்டியில் ஐஸ் கொட்டுகிற மாதிரி.
யோசிக்க இடுக்கே கிடைக்காது யாருக்கும்.
அடிமாட்டு விலைக்குக் கேட்கிறவனிடம் மட்டும்
"நோஓஓஓ" என்று ஒரே ஓர் உயிரை இழுப்பார்.
அந்த நீளம் முடிவதற்குள்
அவன் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

இப்போது அந்த உயிர்தான் வரவில்லை.

"பை. டை. கைட்.
உதட்டில் காற்றை அடைத்து வெடியுங்கள், மிஸ்டர் கார்பட்.
வல்லெழுத்து கதவை உதைக்கட்டும்,
காற்று உள்ளே போய்
ஏப்பமாகத் திரும்பட்டும், அதுதான் குரல்."
மூன்று வாரம் வெறும் மெய்.
சமையலறையில் ப். ப். ட்.
இரண்டு தடவை எழுந்துபோய்
குழாயை முறுக்கிவிட்டு வந்தேன்.

நாலாவது வாரம், வியாழன் ராத்திரி,
சரளைக்கல் உருள்வது போல ஒரு சத்தம்:
"கிப்பர்."
நாய் தலையைத் தூக்கியது.
பிறகு வாலைத் தரையில் அடி அடியென்று அடித்தது.
க, ப்ப. அதற்குப் பெயர் வைத்ததும் இவர்தான்,
அப்போது தொண்டையில் ஒன்றுமில்லை.
நான் ஈரத் தட்டோடு நின்றேன்.

என் பக்கம் திரும்பினார். உதடு மூடியது.
மகரத்துக்கு மூக்கில் காற்று வேண்டும்,
தொண்டையில் நடுக்கம் வேண்டும்.
மூடிய உதடு மூடியபடியே இருந்தது.
அந்தத் தட்டை மூன்று தரம் துடைத்தேன்.
நாய்மேல் பொறாமைப்பட்டேன்.
சொல்லிவிட்டேன், போகட்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஆலங்கட்டி மழை.
ஜன்னல் முழுக்க வல்லினம்.
அடுப்படியில் எனக்குப் பின்னால் வந்து நின்றார்.
"பெட்."

எங்கள் தெருவில் யாரும் அப்படிச் சொல்வதில்லை.
நியூகாசில் பக்கத்து வழக்கு அது.
என்றைக்கோ விடியற்காலையில்
அங்கிருந்து வரும் லாரிக்காரர்களிடம் பொறுக்கியிருப்பார்.
செல்லம் என்றும் பொருள்,
வீட்டில் வளர்க்கிற பிராணி என்றும் பொருள்.

நாயும் நானும் ஒன்றாகத் திரும்பினோம்.

கிளிஃப் கையை நீட்டி
நாயை உட்காரச் சொன்னார்.