புள்ளி வைக்காத எழுத்து

வரைபடத்தில் நாற்பத்தேழு
ஒரு சிவப்புப் புள்ளி.
காட்டில் அது
முக்கால்மணி நேரமாக இல்லை.

கக்கலிபுரா தாண்டி,
உண்ணிச்செடி கிழித்த முழங்கையோடு
கருவியின் கம்பத்தைப் பிடித்து நிற்கிறேன்.
மேலே பதினொரு செயற்கைக்கோள்கள்.
நான் நிற்கும் இடம் அத்தனைக்கும் தெரியும்.

வனக்காவலர் மாதேகௌடர்
யானைச் சாணத்தைப் பூட்ஸால் உடைத்து
"நேத்து" என்கிறார்.
கல்லைப் பற்றியும் இப்படிச் சொல்லிவிட்டால் தேவலை.

கடைசியில் கிடைத்தது,
முப்பத்தெட்டு மீட்டர் காட்டுக்குள்ளே.
வெள்ளையடித்து, எண் எழுதி
வகுப்பு மாறி உட்கார்ந்த பிள்ளை மாதிரி.
அதன் முதுகுக்குப் பின்னால்
புதுக் கம்பிவேலி, அளந்த மனைகள்.

"கல் நடக்குமா சார்?"
"மழைக்கு நடக்கும்" என்றார்,
வேலியைப் பார்க்காமல்.

குனிந்து தடவினேன்.
பழைய மண்கோடு
தரைக்கு மேலே ஒரு முழம்,
வெள்ளம் வடிந்த வீட்டுச் சுவரில் நிற்குமே, அப்படி.

குழியைத் தேடிப் போனோம்.
குழியில் புற்று.
புற்றை ஒட்டி இன்னொரு கல்:
எண் இல்லை. எந்தப் படத்திலும் இல்லை.
கீறிய சூலம், கீழே வரிகள்.
மாதேகௌடர் குடிதண்ணீரைக் கவிழ்த்துக் கழுவினார்.
"எங்களது இல்லை. உங்களதா?"

ராபர்ட்சன்பேட்டையில் ஒன்பதாவதுவரை படித்த தமிழ் எனக்கு.
இதுவோ
ஒற்றுக்குப் புள்ளியே வைக்காத எழுத்து.
காலையிலிருந்து எனக்குப் புள்ளிதான் பிழைப்பு;
செதுக்கியவனுக்கு ஒன்றுகூட வேண்டியிருக்கவில்லை.
விரலால் கூட்டிக் கூட்டி:
உடும்போடி ஆமை தவழ்ந்த
அப்புறம் பொரிந்திருக்கிறது.
அப்புறம்
கெல்லை.

"என்னவாம்?"
"உடும்பு ஓடின இடம், ஆமை ஊர்ந்த இடம், அவ்வளவும்..."
"அவ்வளவும்?"
"யாருக்குன்னு உடைஞ்சுபோச்சு சார்."

"நல்லதாப் போச்சு" என்றார்.
"பேர் இருந்தா
பேரன்னு ஒருத்தன் பட்டாவோட வருவான்."

கருவி கீச்சிட்டது.
பிழை: இரண்டு சென்டிமீட்டர்.

படிவத்தில் நாற்பத்தேழுக்கு நேரே மூன்று கட்டங்கள்:
உள்ளது, இல்லை, சேதம்.
பேனாவால் நான்காவது ஒன்று வரைந்தேன்.
நகர்த்தப்பட்டது.
ர. செபஸ்தியம்மாள், அளவை உதவியாளர், ஒப்பந்தம்.
சூலக்கல்லுக்குக் கட்டமே இல்லை;
அதைத் தாளின் ஓரத்தில் எழுதினேன்,
சூலத்தையும் போட்டு.

சாட்சிக் கையெழுத்துக்குப் பேனாவை வாங்கிய மாதேகௌடர்
இன்னும் புற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.
வேலிக்கு அந்தப்புறம்
சாப்பாட்டு நேரத்துக்கு நிறுத்திய ஜேசிபி,
பல்லை மண்ணில் ஊன்றி.